பெடலின் குரல்

ஒரு பழைய எலெக்ட்ரானிக் ஆர்கனில் ஒரே ஒரு சுரம் ஊமையாகிவிட்டது. வலக்கோடியில் இருந்த குட்டிக் கட்டையில் மட்டும் அந்தச் சுரம் 'கீ' என்று கேட்டது. அதற்குக் கீழே அதே சுரத்தின் மற்றக் கட்டைகளில், காலால் மிதிக்கும் பெரிய பெடல்வரை, சத்தமே இல்லை.

"நான் வாயைத் திறந்தா வீடே அதிரும். நானே சும்மா கிடக்கேன். கொசு மாதிரி உனக்கென்ன கத்தல்?" என்று பெடல் குட்டிக் கட்டையிடம் சீறியது.

"இன்னைக்கும் சரியாகலைன்னா பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்றபடி பிலோமினா ஆர்கனின் பின்பலகையைக் கழற்றினாள். உள்ளே வெளிச்சம் விழுந்தது. பெடல் முதன்முறையாகத் தன் கம்பி போகும் வழியைப் பார்த்தது. அது அதே சுரத்தின் ஒவ்வொரு கட்டையாக ஏறிக் குட்டிக் கட்டையில் போய் முடிந்தது.

"மேலே பிறக்கிற குரல்தாங்க தடிச்சுத் தடிச்சுக் கீழே இறங்குது. முதல் படியிலேயே அறுந்துபோச்சு" என்று கணவனிடம் காட்டினாள் பிலோமினா. மிளகளவு பாகம் ஒன்றை மாற்றிப் பற்றவைத்தாள். பிறகு பெடலை மிதித்தாள்.

அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. அந்த முழக்கத்துக்குள் பெடலுக்கு ஒரு கொசுச் சத்தம் கேட்டது. அது குட்டிக் கட்டையை அழைத்தது.

"அக்கா, இத்தனை வருஷமும் என் வாயால பேசினது நீங்கதானா?"