குழாய் வேலைக்குப் பத்து வகுப்பு

“வேற எங்கயாவது ஒழுகுதா டீச்சர்?”

குழாய்க்காரர் இதோடு மூன்றாவது தடவை கேட்டுவிட்டார்.

எங்கும் ஒழுகவில்லை. குளியலறைக் குழாய், சமையலறைத் தொட்டிக்கு அடியிலுள்ள பைப், மாடித் தொட்டியின் மிதவை என்று எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பத்தாவது வகுப்பு. பேசியபடி அதுதான் கடைசி.

வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளும் இணையதளம் ஒன்றில்தான் அவரைப் பிடித்தேன். அங்கே காசு கிடையாது. ஒருவர் துணி தைத்துக் கொடுத்தால், பதிலுக்கு இன்னொருவர் அவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருவார். குழாய்க்காரரின் விளம்பரம் இரண்டே வரி: ‘குழாய் வேலை எதுவானாலும் செய்வேன். காது கேட்காதவர்களின் கைமொழி கற்றுத்தர வேண்டும்.’

ஐந்து மாதமாக யாரும் சீண்டாமல் கிடந்தது.

என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. வாய் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பேசியவள் நான். இப்போது பள்ளியில் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். என் குளியலறையிலோ தண்ணீர் சுவர் வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

மகளுக்காக என்றார். பிறவியிலேயே காது கேட்காதாம்.

வெளியூரில் வேலையாயிருப்பாள், விடுமுறைக்கு வருவாளாக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். வந்து இறங்கியதும் கேட்க உதவுமே என்று ‘சாப்பிட்டாயா’, ‘எப்போது வந்தாய்’, ‘பஸ்ஸில் இடம் கிடைத்ததா’ எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், வளையவே மாட்டோம் என்று அடம்பிடித்தன. ஒருமுறை ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கப்போய் அது ‘கல்யாணமா’ என்று வந்து விழ, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனால் பேசிப் பழகுவதில் அவருக்கு அத்தனை அக்கறை இல்லை. என் கைகளைப் பார்த்துப் புரிந்துகொள்வதில்தான் குறியாக இருந்தார்.

பத்தாவது வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பதிலுக்குச் செய்ய வேலை இல்லாமல் பதினோராவது வகுப்பைக் கேட்க அவருக்குக் கூச்சம். சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மேஜையில் வைத்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டில். பச்சை அங்கியில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும்.

அறுவை சிகிச்சைக்கு உள்ளே போகும் முன் மகள் அனுப்பிய வீடியோவாம். அவர் அப்போது ஏதோ கட்டடத்தில் பைப் பொருத்திக்கொண்டிருந்தார். உள்ளே போனவள் திரும்பவில்லை. ஒரு வருடம் ஆகிறது.

வீட்டில் கைமொழி தெரிந்தவர் மனைவி மட்டும்தான். மகள் சொல்வதை அவர்தான் இவருக்கு எடுத்துச் சொல்வார். அவர் அதற்கும் இரண்டு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே துண்டுச்சீட்டுதான்.

அவள் என்ன சொல்கிறாள் என்று இப்போதே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் டீச்சர். பொறந்ததுலேருந்து அவ பேச்சை அடுத்தவங்க சொல்லித்தான் கேட்டிருக்கேன். இதையாவது நானே கேட்டுக்கிறேன்.”

இதுவரை இரண்டு சொல் பிடிபட்டிருக்கிறதாம். ‘அப்பா’. ‘சாவி’.

மறுபடி ஓடவிட்டார்.

அவள் சொன்னதில் பெரிதாக ஒன்றுமில்லை. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. மாத்திரையை மறக்காதீர்கள். நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான். எழுதியே அனுப்பியிருக்கலாம்.

ஏன் எழுதவில்லை என்பது அவள் கைகளைப் பார்த்தபோது புரிந்தது.

பிறந்ததிலிருந்து இந்த மொழி பேசுகிறவர்களுக்குக் கைகள் பறக்கும். ஒரு சொல் முடியுமுன் அடுத்ததற்குப் போய்விடுவோம். அவளோ ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை, நிதானமாக, விரல் விரலாகக் காட்டினாள். புதிதாகப் படிக்கிறவருக்குக் காட்டுவதுபோல. காட்டிவிட்டு, புரிந்ததா என்று நேரே பார்த்துச் சற்று நின்றாள்.

அவள் நின்ற இடங்களில் எல்லாம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.