பதினான்கு துண்டு ஆறு

2024 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை பத்தேகால். டனீடின் நகரில் தெற்குக் காற்று. சன்னல் கண்ணாடியில் சாய்வான தூறல்.

ராவிரியின் மேசைமேல் ஒரு கணினித் திரையும், ஒரு குவளைத் தண்ணீரும், அவனுடைய பெரியப்பா மகள் ஹுயா வாங்கிவந்த சீஸ் ரோல் பொட்டலமும் இருந்தன.

ஹுயா அவர்களுடைய பழங்குடிக் குல மன்றத்தின் செயலாளர். அவள் கையிலிருந்த ஒப்புதல் படிவத்தில் முடிவை எழுதும் இடம் காலியாக இருந்தது. அவள் கையொப்பமின்றி, ராவிரி மூன்றாண்டுகளாகச் செய்த வீடியோ கேம் வெளிவராது.

அந்த விளையாட்டில் நாம் ஒரு முதிய விலாங்கு. ஆற்றின்வழியே இறங்கிக் கடலை அடைய வேண்டும்.

அந்த ஆறு இன்று இல்லை. நூறாண்டுகளுக்கு முன்பு அதை நேர்க் கால்வாயாக வெட்டி, வளைவுகளை மேய்ச்சல் நிலமாக்கிவிட்டார்கள். பழைய வளைவுகள் பதினான்கு குடும்பங்களின் நினைவில் மட்டுமே எஞ்சின. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தான் விலாங்கு பிடித்த துண்டு மட்டும் தெரியும். அடுத்த வீட்டின் துண்டைப் பற்றிக் கேட்பது முறையன்று.

ராவிரி பதினான்கு வீடுகளிலும் தனித்தனியே கேட்டான். பதினான்கு லெவல்கள் அமைத்தான். நீர், மணல், வேர், பாறை, புல் என ஒவ்வொன்றும் ஒரு சதுரப் படக்கட்டம், அதாவது டைல். மொத்தம் நாற்பதாயிரத்துச் சொச்சம். கேமரா விலாங்கின் முதுகை ஒட்டியே செல்லும். லெவலின் விளிம்பில் நின்றுவிடும்.

“துண்டு துண்டா காட்டி ஏமாத்தாதடா. முழுசா காட்டு. பார்த்துட்டுத்தான் பேனாவ எடுப்பேன்.”

“நானே இன்னும் பார்க்கலக்கா. நேத்துதான் பதினாலையும் ஒட்டினேன்.”

ஜூம் ஏதோவோர் அரைகுறை அளவில் நின்றால் டைல்களுக்கு நடுவே மயிரிழைக் கோடுகள் தெரியும். ஆகவே, ஒரு தட்டுக்குக் காட்சி சரிபாதியாகச் சுருங்கும்படி அமைத்திருந்தான்.

தட்டினான். விலாங்கு விரலளவாயிற்று.

தட்டினான். இரு கரைகளும் திரைக்குள் வந்தன.

தட்டினான். விலாங்கு ஒரு புள்ளி. ஹுயா விரலை நீட்டினாள்.

“அதானே நம்ம வளைவு? இத்தனூண்டா?”

மீண்டும் தட்டினான். டைல்களின் கட்டங்கள் மறைந்து நிறம் மட்டும் நின்றது. பதினான்கு துண்டுகளும் ஒரே உடலாயின.

மலையிலிருந்து இறங்கிய ஆறு கடலுக்கு நேரே போகவில்லை. நடுவழியில் ஒரு வட்ட மேட்டைக் கண்டு, அதை வலமாக வளைத்து, விலகி, திரும்பி வந்து மறுபுறமும் வளைத்து, அதன்பிறகே மனமின்றிக் கடலை நோக்கிச் சென்றது.

ராவிரி அப்படியொரு மேட்டை வரைந்ததே இல்லை. ஒன்பது வீடுகளில், ஒரு பக்கக் கரையில் ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏன் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கெல்லாம் அவன் சும்மா புல் டைல் இட்டு நிரப்பியிருந்தான்.

அந்த ஒன்பது புல்விளிம்புகள் இப்போது ஒன்றுசேர்ந்து வட்டமாகியிருந்தன.

இருவரும் எப்போது எழுந்து நின்றார்கள் என்று தெரியாது.

ஹுயா சீஸ் ரோல் பொட்டலத்தை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். அவர்கள் மரபில், இறந்தோர் கிடக்கும் இடத்தின்முன் உணவு இருக்கலாகாது. பிறகு குவளையில் விரல்களை நனைத்து, தீட்டு கழியத் தன்மேலும் அவன்மேலும் தெளித்தாள்.

“நம்ம முன்னோரப் புதைச்ச மேடு. எடம் வெளிய தெரியக் கூடாதுன்னுதான்டா பெரியவங்க ஒரு வீட்டுக்கும் முழுசா சொல்லல,” என்றாள்.

ராவிரி தலையசைத்தான். தான் செய்தவற்றுள் இதைவிட அழகானது எதுவுமில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

அவள் பேனாவைத் திறந்து எழுதினாள்: ‘ஒப்புதல் அளிக்கப்படுகிறது. பதினான்கு துண்டுகளும் தனித்தனியே இருக்க வேண்டும். எந்தத் துண்டின் விளிம்பையும் கேமரா தாண்டலாகாது. ஒட்டிய கோப்பு, இப்படிவம் ராவிரியின் கைக்கு வந்தவுடன் அழிக்கப்பட வேண்டும்.’

கையொப்பமிட்டாள். மணி பத்து நாற்பது.

படிவத்தை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான்.

பன்னிரண்டு அடித்த பிறகே படிவத்தை அவனிடம் நீட்டினாள்.