பச்சை மூடிக் களிம்பு

"என் பொண்டாட்டியை விட்டு இம்மிகூட நகர மாட்டேன் சிஸ்டர்!"

கட்டிலோடு பசை போட்டு ஒட்டியவர் போலத்தான் உட்கார்ந்திருந்தார் கணவர். தோளிலிருந்து விரல் நுனிவரை கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள் மனைவி.

"எப்படிம்மா சுட்டுக்கிட்ட?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துடுச்சு டாக்டர்," என்றார் கணவர்.

"அவங்க வாயால சொல்லட்டுமே."

"இவளுக்குப் பேச்சே வராது டாக்டர். அவ்வளவு கூச்சம்!"

மனைவி சுவரைப் பார்த்தாள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"சார், பச்சை மூடி போட்ட களிம்பு ஒண்ணு உடனே வேணும்," என்றார் நர்ஸ். "வீட்டுக்காரர் கையிலதான் குடுப்பாங்க. இவ்வளவு பாசமா இருக்கீங்க, போக மாட்டீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பாசக்காரர் வேறு வழியில்லாமல் எழுந்தார்.

மருந்து வாங்கும் வரிசை அடுத்த ஊரில் ஆரம்பித்தது. ஒருவழியாக ஜன்னலை எட்டினால், மருந்தாளர் உதட்டைப் பிதுக்கினார். "நீல மூடிதான் இருக்கு. பச்சைன்னா மேல்மாடி ஸ்டோர்."

"இப்பதான் சார் மக்கர் பண்ணுது," என்று உருகினார் லிஃப்ட்காரர்.

படியேறியதில் கணவரின் மூச்சு அவருக்கு ரெண்டு படி பின்னால் வந்தது. ஸ்டோர்க்கார அக்கா டீயை ஊதி ஊதிக் குடித்தார். அந்த ஊதலில் ஒரு ஏரியே ஆறியிருக்கும்.

"பச்சை மூடியா? அடடா, இப்பதானே கீழே அனுப்பினேன்! பின்கட்டு, கடைசி ரூம். ஓடுங்கண்ணே!"

கடைசி அறை பூட்டியிருந்தது. காவலாளி எடுத்த கொத்தில் உலகத்துச் சாவியெல்லாம் தொங்கியது. "பதறாதீங்க தம்பி," என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கதவு திறந்தது. உள்ளே துடைப்பங்கள்.

"என்ன ஆஸ்பத்திரி இது! ஒருத்தருக்காவது வேலை தெரியுதா?" என்று கத்தியபடி, வேர்வையில் நீந்தி வார்டுக்குத் திரும்பினார் கணவர்.

அவருடைய நாற்காலியில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பேச்சே வராத மனைவி, தலையணையில் சாய்ந்து, வார்டு ஆயாவைப் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

நர்ஸின் முகமெல்லாம் சிரிப்பு. "அப்படி ஒரு களிம்பே கிடையாது சார். சட்டியைக் கவிழ்த்தது யாருன்னு இவங்க மாஜிஸ்ட்ரேட்டம்மாகிட்ட சொல்லி முடிக்கிற வரைக்கும் உங்களை அலையவிட, மொத்த ஆஸ்பத்திரியும் எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா!"