அவன் பிடித்த கை

கைப்பேசியில் ரயில் அட்டைக் கணக்கைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி ஐந்து நாளாகக் கடைவீதிச் சுரங்க ரயில் நிலையத்தில் பதினொன்றுக்கு நுழைந்து, பன்னிரண்டுக்கு அதே நிலையத்திலேயே வெளியேறியிருக்கிறாள்.

"காலையில எங்க போயிருந்தே?"

"நானா? எங்கயும் போகலையே" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் பின்தொடர்ந்தேன். லிஃப்ட் எப்போதும்போல் பழுது. அவள் எஸ்கலேட்டர் பக்கம் திரும்பினாள். நான் வழக்கம்போல் படிக்கட்டில், முட்டி வலிக்க இறங்கினேன்.

கீழே நிலையக் காவலாளி ஒருவன் அவள் கையைப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே எஸ்கலேட்டரில் வந்து இறங்கினான்.

"என்னடி நடக்குது இங்க?"

காவலாளி கையை விடவில்லை. "அம்மா இன்னும் தனியா இறங்கப் பழகல சார்."

"இந்த வயசுல உனக்கெதுக்கு இது?"

"எனக்கா? அடுத்த மாசம் உங்களுக்கு முட்டி ஆபரேஷன். அப்புறம் கொஞ்ச நாள் படியே ஏறக் கூடாது. எஸ்கலேட்டரைக் கண்டாலே நடுங்குற மனுஷனை யாரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது? எனக்கும் பயம்தான். முன்னாடியே சொன்னா, 'எனக்கென்ன பயம்'னு குதிப்பீங்க."

காவலாளி தன் இன்னொரு கையை என்னிடம் நீட்டினான்.

"கண்ணை மூடாம வாங்க சார்."

கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.