வாரிய வண்ணம்

"இந்தப் படத்துக்குத் தலை வாரிவிட்டாங்களாப்பா?" என்று கண்காட்சிக்கூட முதலாளியின் மகள் ஒருமுறை கேட்டாள். அந்த ஓவியரின் படங்களில் தடித்த எண்ணெய் வண்ணம், வாரிய கூந்தலைப் போல வரிவரியாய் எழுந்து நிற்கும்.

நாளைய கண்காட்சிக்கு அவர் கொண்டுவந்த புதுப் படத்தில் அந்த வரிகளே இல்லை. வண்ணம் தயங்கித் தயங்கிப் பூசப்பட்டிருந்தது. முதலாளிக்குச் சந்தேகம் தட்டியது.

"அண்ணே, என் தலையில மிளகாய் அரைக்காதீங்க. இது உங்க கையே இல்ல. யாரு வரைஞ்சது? அண்ணியா?"

"நான்தான்."

"அடுத்தவங்க வரைஞ்சதை உங்க பேர்ல மாட்டமாட்டேன். கண்காட்சியே நடக்காது, பார்த்துக்கங்க."

ஓவியர் சுவரில் தொங்கிய பழைய படங்களைப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான் தம்பி நான் வரைஞ்சது. மத்ததெல்லாம் உங்க அண்ணி, சீப்பால வாரி வாரி வரைஞ்சது. ஆம்பளை பேர் இருந்தாதான் விக்கும்னு நான்தான் என் பேரைப் போட்டேன். இப்ப அவளுக்குக் கை முடங்கிடுச்சு."

முதலாளி அருகிலிருந்த பழைய படத்தின் வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கூடத்தின் சாவியை ஓவியர் கையில் வைத்து, "பூட்டிட்டு வாங்கண்ணே" என்று வெளியேறினார்.

தனியே நின்ற ஓவியர் மெல்லிய தூரிகையை எடுத்தார். ஒவ்வொரு பழைய படத்தின் மூலையிலும் தன் பெயரை வண்ணத்தால் மூடி, அதன்மேல் மனைவியின் பெயரை எழுதினார். புதுப் படத்தில் மட்டும் தன் பெயரை விட்டுவைத்தார்.