பக்கத்து வீட்டு மூட்டைகள்

மளிகைக்கடை மாசிலாமணியின் வயிற்றுக்குள்ளே கல்லீரல் அக்காவும் கொழுப்புத் தம்பியும் அண்டை வீட்டார். தேவைக்கு மிஞ்சி வந்ததையெல்லாம் தம்பிதான் மூட்டை கட்டி வைத்துக்கொள்வான். அக்கா நிம்மதியாகத் தன் வேலையைப் பார்ப்பாள்.

ஒருநாள் தம்பி வீங்கிப்போய் மூச்சுவாங்க வந்து நின்றான். "அக்கா, என் வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விட்டு ஒழுகுது. இந்த ஒரு மூட்டை மட்டும் உன் வீட்டில் இருக்கட்டுமே."

அக்காவுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது. "அதுக்கென்ன, வை" என்றாள். மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் அவளுக்குத் திரும்பி நிற்கக்கூட இடமில்லை, வேலையும் ஓடவில்லை. மனசைத் திடப்படுத்திக்கொண்டு மேலே இருந்த நாக்கைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, நீ உள்ளே அனுப்புறதெல்லாம் எங்கே வந்து சேருது தெரியுமா?"

"எனக்கு ருசி அரை நிமிஷம்தான் அக்கா. அப்புறம் எங்கே போகுதுன்னு நான் கேட்டதே இல்லை" என்றது நாக்கு வெட்கத்தோடு.

அன்று இரண்டாவது ஜாங்கிரி வந்தபோது நாக்கு முதன்முறையாக, "போதும்" என்றது. மறுநாளும் சொன்னது. மெல்ல மெல்ல மூட்டைகள் கரைந்தன. முதலில் காலியானது அக்கா வீடுதான்.

தம்பி தயங்கி எட்டிப் பார்த்தான். "உள்ளே வரலாமா அக்கா?"

"தாராளமா வா" என்றாள் அவள். "கையை வீசிக்கிட்டு வா."