எட்டுக் கப்பல்கள்

1972. பாடப்புத்தகம் நாளை அச்சுக்குப் போகிறது. வாத்தியார் வரதராஜுலு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நெட்டுக்குப்பம் மணலில் அலைந்தார்.

மீனவர் வலையில் சிக்கும் பழங்காலச் சாடிகளைப் பற்றிய பாடம். அதைக் குப்பத்து மக்களிடமே கேட்டு எழுதவேண்டும் என்று உத்தரவு. அவற்றை ஏற்றிவந்த அந்தக் காலத்துக் கப்பல் எங்கே முழுகியது என்று தெரிந்தால் பாடம் முடிந்துவிடும். சாடி கிடைத்த இடத்தையோ ஏழு பேர் ஏழு விதமாகச் சொல்லியிருந்தார்கள்.

கடைசி ஆள் தேசப்பன்.

"தெக்கால, ரொம்ப தூரம் சார்."

எட்டாவது இடம்.

"மத்தவங்க வேற சொல்றாங்களே?"

"அவுங்களுக்கு அங்க கெடச்சுது. எனுக்கு இங்க."

"அப்போ எட்டுக் கப்பல் முழுகியிருக்கு" என்று எழுதிக்கொண்டு வாத்தியார் பஸ்ஸுக்கு ஓடினார்.

தேசப்பனின் மனைவி குணசுந்தரி குடிசைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். "இன்னாய்யா, எல்லா சாடியும் ஒரே எடத்துலதான மாட்டுச்சு? நம்ம பொண்ணு படிக்கிற புக்குல பொய்ய ஏத்திட்டியே."

"அந்த எடத்துலதான் மீனும் கூடுது. பக்கத்துக் குப்பத்தானும் அதே புக்கத்தான் படிப்பான்."

"பரீட்சையில கேட்டா?"

"எட்டுன்னே எயுதச் சொல்லு."